வருகிறவருக்கு வெள்ளை வேட்டி

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருடையது. எட்டு முழம், கரை போட்டது. எங்கள் கலியாணத்துக்கு எடுத்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த அன்று காலை அவர் அதைத்தான் கட்டியிருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தார். கங்காணி வாசலில் நின்று கூப்பிட்டார். இவர் வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டார். கால்சட்டையை மாட்டிக்கொண்டார். "வரேன்" என்றார். போய்விட்டார்.

வேட்டி வேர்வையோடு தொங்கியது. நான் துவைக்கவில்லை.

எங்கள் ஆட்களில் அப்படித்தான். ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால் பின்னாலேயே வீட்டைக் கூட்ட மாட்டோம். தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டோம். அவர் அவிழ்த்துப் போட்டதைத் துவைக்க மாட்டோம். பிணம் எடுத்த வீட்டில்தான் அதையெல்லாம் உடனே செய்வார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று சேதி வந்தால் துவைக்கலாம். சயாமிலிருந்து யாருக்கும் சேதி வரவில்லை. அதனால் வேட்டி அப்படியே தொங்கியது.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பலரும் பல மாதிரி சொல்கிறார்கள். பசி, அடி, பயம். எல்லாம் உண்மைதான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. என் நாத்தனாரின் குரல். துணி வெளுக்கிற சவுக்காரத்தை அவள் கூவி விற்ற குரல்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். மாமனார், மாமியார் முன்பே போய்விட்டார்கள். லாரி போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பேச வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரை படித்தேன். பிறகு பால் மரம் சீவப் போனேன். அவளும் அவ்வளவுதான் படித்தாள். ஆனால் அவளுக்கு வாய் இருந்தது.

அவளைப் பெண் கேட்டு கோலா சாவா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் நடந்தே வந்தார். அவருடைய மகன் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். எனக்குத் தெரிந்த பையன். நல்ல பையன். அந்த அம்மாள் நான் கொடுத்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"நகை வேணாம், சீர் வேணாம் தாயி. இப்ப யாருகிட்ட என்ன இருக்கு? ஒரே ஒரு மஞ்சத்துணி மட்டும் வேணும். சாக்கைக் கட்டிக்கிட்டு மணையில உக்காந்தா அது பொண்ணா, மூட்டையா?"

உள்ளேயிருந்து நாத்தனார் சொன்னாள்: "மூட்டைன்னா வண்டியில ஏத்திக்கிட்டுப் போகச் சுளுவு அத்தை."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "வாய் இருக்கு. துணிதான் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தை மாசத்துக்குள்ள முடிச்சிரணும் தாயி. கலியாணம் ஆகாதவனை முதல்ல லாரியில ஏத்துறான்னு பேச்சு."

பேச்சுதான். என் வீட்டுக்காரர் கலியாணம் ஆனவர். நான் அதைச் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது அவர் கண் கொடியில் தொங்கிய வேட்டியில் நின்றது. எட்டு முழம். சுருக்கிக் கட்டினால் புடவைதான். ஒன்றும் கேட்காமல் போனார். நல்ல மனுஷி.

அப்போது துணி என்பது எங்கும் கிடையாது. என்னிடம் இரண்டு சேலை, இரண்டும் கிழிசல். நாத்தனார் சாக்கில் பாவாடை தைத்து, மேலே அண்ணனின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். பக்கத்து ஊரான பெடாஸில் கடை அலமாரி வெறுமையாக இருந்தது. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டைக் காட்டினால் யாரும் துணியைக் காட்ட மாட்டார்கள்.

நாத்தனார்தான் ஒரு வழி சொன்னாள். "அண்ணி, துணி இல்லாத வீடு உண்டு, இருக்கிற வீடு உண்டு. சவுக்காரம் இருக்கிற வீடு ஒன்னுகூட இல்ல. நாம சவுக்காரம் காய்ச்சுவோம். துணி இருக்கிற வீட்டுல குடுத்து மாத்திக்குவோம்."

எனக்குச் சரியாகப் பட்டது.

காய்ச்சுவது என் வேலை. ஓட்டை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடுப்புச் சாம்பலை அடைத்து, மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். அடியில் தேயிலைச் சாயம்போல் சொட்டும். விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தால் சுரீர் என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு தேங்காயெண்ணெயோடு சேர்த்துக் கிண்ட வேண்டும். கை கழன்றுவிடும். இறுகுவதற்கு உப்புப் போட வேண்டும். உப்பு ஏது? மரவள்ளி மாவைப் போட்டேன். பழுப்பாக, கொழகொழவென்று வரும். வாழையிலையில் மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்தி வைப்பேன்.

முதல் சந்தைக்கு பெடாஸுக்குப் போனோம். சாக்கை விரித்து அடுக்கினோம். நாத்தனார் "சவுக்காரம், சவுக்காரம்" என்று கூவினாள். ஒருவர் நின்று இலையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, அல்வாவா?"

"சவுக்காரம்ண்ணே."

"தின்னலாமா?"

"தின்னுங்க. வயிறு வெளுக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எல்லோரும் போய்விட்டார்கள். கட்டிக்கொண்டு போனதை அப்படியே கட்டிக்கொண்டு திரும்பினோம்.

வழியில் அவள் பேசவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. பாலத்தைத் தாண்டிய பிறகு சொன்னாள்.

"அண்ணி, நாம தப்பாக் கூவுறோம்."

"எப்படி?"

"நம்ம பொருளையே சொல்றோம். நம்ம பொருள் மேல அவங்களுக்கு என்ன அக்கறை? அவங்க பொருளைச் சொல்லணும்."

"அவங்ககிட்ட என்ன இருக்கு?"

"பொட்டியில ஒன்னு இருக்கும் அண்ணி. எந்த வீட்டுலயும் ஒன்னு இருக்கும். இருக்கிறதுலயே நல்லது. எடுத்து உடுத்த மனசு வராம வச்சிருப்பாங்க. அது கிடந்து பழுப்பேறிக்கிட்டு இருக்கும். அதைக் கூப்பிடணும்."

அந்த வாரம் முழுக்க அவள் சொல் தேடினாள். கிழங்குக் குழி வெட்டும்போதும் தேடினாள். ஒரு சொல்லை எடுப்பாள், வாய்க்குள் வைத்துப் பார்ப்பாள், துப்பிவிடுவாள். நான் சாம்பல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதைப்போலத்தான். சுரீர் என்று பிடிக்க வேண்டும் அவளுக்கு.

"வெள்ளைன்னு சொன்னாப் பத்தாது. எது மாதிரி வெள்ளை?" என்றாள்.

"பால் மாதிரி" என்றேன்.

"பால்னா நம்ம சனத்துக்கு ரப்பர் பால்தான் ஞாபகம் வரும். அது கறை."

"தும்பைப்பூ மாதிரி."

"நீங்க தும்பைப்பூவைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. நான் இங்கேயே பிறந்தவள். அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மாறியிருந்தது. "சோறு" என்றாள்.

"என்ன சோறு?"

"அரிசிச் சோறு மாதிரி வெள்ளை."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மாதக்கணக்கில் கிழங்குதான் தின்றுகொண்டிருந்தோம். அரிசி கண்ணில் பட்டால் கஞ்சிக்குக் கரையும். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, ஒரு சொல் வயிற்றைப் பிடித்து இழுக்கும் என்று.

அடுத்த சந்தையில் கூவினாள்: "பொட்டியில கிடக்கிற வெள்ளை பழுப்பாயிருச்சா? சோறு மாதிரி வெளுக்கலாம்! வாங்கம்மா, சோறு மாதிரி வெள்ளை!"

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு கிழவி கிட்டே வந்து வைதார். "சோத்தை ஏண்டி ஞாபகப்படுத்துற பாவி! நானே மறந்து கிடக்கேன்." வைதுகொண்டே இடுப்பிலிருந்து கருவாட்டை எடுத்துக் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்.

அன்று ஜப்பான்காரன் ஒருவன் வந்தான். கூட்டம் விலகியது. நாத்தனார் கூவலை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான். வைத்துவிட்டுப் போனான். அவன் முதுகு மறைந்ததும் இவள் பக்கத்தில் நின்றவர்களிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாத்துக்குங்க. ஜப்பான்காரனே எடுக்காத ஒரே சாமான் இதுதான்."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். மிச்சம் இருந்ததெல்லாம் விற்றுப்போனது.

மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துக்கும் போனோம். அங்கே சோறு என்று அவள் சொல்லவில்லை. "அவங்க வீட்டுல நெல்லு இருக்கு அண்ணி. சோறுன்னா இழுக்காது" என்றாள். ஒரு வீட்டு வாசலில் தொழுகைக்கு உடுத்தும் வெள்ளை தெலுக்கோங் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தனக்குத் தெரிந்த மலாயில் அதன் பேரைச் சொல்லித்தான் கூவினாள். பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்தார்கள். தேங்காய் கொடுத்தார்கள். எங்களுக்கு எண்ணெய்க் கவலை தீர்ந்தது.

அப்போது எல்லோருக்கும் சொறி. பக்கத்தில் கடை போட்டிருந்தவர் எதையோ அரைத்து வைத்துச் சொறிக்கு மருந்து என்று விற்றார். நல்ல கூட்டம். நான் சொன்னேன்: "நீயும் சொறிக்கு நல்லதுன்னு சொல்லேன் புள்ள."

"வேணாம் அண்ணி. நாம வீட்டுக்குப் போறதுக்கு ஒரே ஒரு ரோடுதான் இருக்கு. ஏமாந்தவங்களும் அதுலதான் வருவாங்க" என்றாள்.

எல்லாம் கிடைத்தது. கிழங்கு, கருவாடு, தேங்காய், ஒரு தடவை கோழி. துணி மட்டும் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தோம். ஒரு சீனப் பெண்மணி சிரித்துவிட்டு, துணியை உங்களிடம் கொடுத்துவிட்டுச் சவுக்காரத்தை வைத்து எதைத் துவைப்பது என்று கேட்டார். துணி இருக்கிறவர்களுக்குத்தான் சவுக்காரம் வேண்டும். இதை நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. வழியெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாத்தனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை வாக்கில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். அந்த லயத்தில்தான் நிறைய ஆண்களை லாரியில் ஏற்றியிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசல் கொடியில் ஒரு சட்டையோ வேட்டியோ கைலியோ தொங்கியது. தூசி படிந்து தொங்கியது. நாத்தனார் அதைப் பார்த்தாள். பார்த்ததைக் கூவுவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

"கொடியில கிடக்கிற வேட்டியை எடுங்கம்மா! விட்டுட்டுப் போனவங்க துணியை வெளுத்து வையுங்க! சோறு மாதிரி..."

முடிக்கவில்லை. ஒரு கதவு படார் என்று சாத்திக்கொண்டது. இன்னொன்றும் சாத்திக்கொண்டது. நடுவீட்டிலிருந்து ஒரு அக்கா வெளியே வந்தார். உயரமானவர். கையில் விளக்குமாறு. அதை ஓங்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"ஏண்டி, எழவு வீட்டுல சொல்ற சொல்லை இங்க கொண்டாந்தியா? எம் புருசன் செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

"இல்லக்கா..."

"உங்க வீட்டுல யாரும் போவலியா?"

"எங்க அண்ணன் போயிருக்கு அக்கா."

"அது வேட்டியை வெளுத்துட்டியா?"

நான் கூடையைத் தூக்கினேன். "வா புள்ள" என்றேன்.

அவளுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. எங்கள் வீட்டிலேயே தொங்குகிறது. தினமும் அதற்குக் கீழேதான் படுக்கிறாள். ஆனால் கூவ ஆரம்பித்தால் வாய் முன்னால் போய்விடும். மனசு பின்னால் வரும். அன்று மனசு வந்து சேர்வதற்குள் வாய் போய்விட்டது.

அதன் பிறகு பல நாள் அவள் கூவவில்லை. சந்தைக்குப் போனால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் கூவிப் பார்த்தேன். ஒரு பிள்ளை பயந்து அழுதது. விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நான் எண்ணெயைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் லாரிக்குப் போறப்ப என்ன சொல்லுச்சு?"

"வரேன்னுச்சு."

"மத்தவங்க?"

யோசித்துப் பார்த்தேன். அன்று லாரியைச் சுற்றி ஒரே சத்தம். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் மேலே நின்றார்கள். ஒவ்வொருவரும் கீழே பார்த்துச் சொன்னது என் காதில் இருந்தது.

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க" என்றேன்.

"போறேன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

"எப்படிச் சொல்லுவாங்க? நம்ம ஆளு யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்களே."

"அதான் அண்ணி. யாரும் போறேன்னு சொல்லல. நான்தான் அவங்களைப் போனவங்கன்னு சொல்லிட்டேன்."

சுள்ளியை அடுப்பில் வைத்தாள். உதடு அசைந்தது. வாய்க்குள் ஏதோ வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். அவளுடைய முகத்தை அப்படிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த முகம் வருகிறது. அடுப்பு வெளிச்சமும் சாம்பல் வாடையும் சேர்ந்தே வரும்.

மறுபடி அந்த லயத்துக்குப் போனோம். எனக்கு இஷ்டமில்லை. விளக்குமாற்றை நினைத்துக்கொண்டேன். அவள் லயத்து முனையில் நின்றாள். உரக்கக் கூவவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"வரேன்னு சொன்னவங்க வர்றப்ப கட்ட, வெள்ளை வேட்டி. வர்றவங்களுக்கு வெள்ளை வேட்டி."

அவ்வளவுதான். சவுக்காரம் என்ற சொல்லே இல்லை. சோறும் இல்லை.

நடுவீட்டுக் கதவு திறந்தது. அந்த உயரமான அக்கா வந்தார். கையில் விளக்குமாறு இல்லை. கிட்டே வந்து நின்றார்.

"திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"இன்னொருக்கா."

சொன்னாள்.

அந்த அக்கா திரும்பிப் போய்க் கொடியிலிருந்த வேட்டியை எடுத்தார். "எம்புட்டுக்குத் தருவ?" என்றார்.

"கிழங்கு இருந்தாக் குடுங்க. இல்லாட்டி அப்புறம் குடுங்க அக்கா."

அன்று அந்த லயத்துக் குழாயடியில் இடம் இல்லை. அடுத்த முறை நாங்கள் அந்த வழியாகப் போனபோது ஒவ்வொரு கொடியிலும் வெளுத்த துணி தொங்கியது. சோறு மாதிரி இல்லை. எங்கள் சவுக்காரம் அவ்வளவு வெளுக்காது. ஆனாலும் வெயிலில் பார்க்க நன்றாக இருந்தது. நாத்தனார் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாமியைப் பார்ப்பதைப்போல் பார்த்தாள்.

எங்கள் வீட்டு வேட்டி மட்டும் அப்படியே தொங்கியது.

மார்கழி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஆள்விட்டார். துணி கிடைத்ததா என்று கேட்கச் சொன்னாராம். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு தோட்டம் தள்ளி மறுபடி லாரி வந்துபோனதாக அந்த ஆள் சொன்னார். நாத்தனார் கேட்டுக்கொண்டு கிழங்கு உரித்தாள்.

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு முழம் தலைக்கு மேல் தொங்குகிறது. வெளுத்து மஞ்சளில் முக்கினால் கலியாணத் துணி. அண்ணன் எடுத்துக் கொடுத்த மாதிரியும் ஆகும். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். ஊருக்கெல்லாம் சொன்ன சொல்லை எனக்கும் சொல்லியிருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள் சொல்லவில்லை. பெடாஸிலும் கம்பத்திலும் லயத்திலும் விற்றாள். வீட்டில் விற்கவில்லை.

நான் பல நாள் அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவர் வேர்வை இருந்தது. முகர்ந்தால் தெரியும். வேட்டியை வெளுத்தால் அது போய்விடும். வழக்கம் ஒரு பக்கம். இது ஒரு பக்கம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை, அவள் கிழங்குக் காட்டுக்குப் போன பிறகு, வேட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒளித்து எடுத்துப் போகவில்லை. தோளில் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு அம்மாள் குடத்தை இறக்கி வைத்தார்.

"என்னம்மா, சேதி வந்துச்சா?"

"வரல."

"பின்ன?"

அப்போது நான் சொன்னேன். என் வாயால் அதை அன்று ஒருமுறைதான் சொன்னேன். "வர்றவருக்கு வெள்ளை வேட்டி."

அவர் தன் குடத்திலிருந்து என் கல்லில் தண்ணீர் ஊற்றினார்.

துவைத்தேன். நன்றாக அடித்துத் துவைத்தேன். பிழிந்த தண்ணீர் பழுப்பாக ஓடியது. அழவில்லை. கல்லில் அடிக்கும்போது அழ முடியாது, மூச்சு பத்தாது.

நாத்தனார் வந்து பார்த்தபோது நான் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தேன். பானையில் வேட்டி நனைந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி! என்ன பண்ணுறீங்க?"

"உனக்குத் துணி."

"அண்ணன் வந்துச்சுன்னா?"

"மஞ்ச வேட்டி கட்டட்டும்."

அவள் உட்கார்ந்து என் கையிலிருந்து உலக்கையை வாங்கினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவள் சொல் கிடைக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

தையில் கலியாணம் நடந்தது. மரவள்ளி மாவில் பலகாரம். மாட்டுவண்டியில்தான் பெண்ணை ஏற்றிப் போனார்கள். அந்த அம்மாள் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், கரையைக் கண்டுகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வண்டி நகர்ந்தபோது நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூட்டை வருது, வழி விடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையை அதன் பிறகு யாரும் லாரிக்குக் கூப்பிடவில்லை. கலியாணத்தினாலா, அதிர்ஷ்டத்தினாலா, தெரியாது.

நான் தனியாகச் சவுக்காரம் காய்ச்சினேன். சந்தையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். சனங்கள் வந்து, "எங்க அந்தப் புள்ள? அது கூவுனாத்தான் நல்லா இருக்கும்" என்பார்கள். பிறகுதான் வாங்குவார்கள்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். நிறையப் பேர் வரவில்லை. அந்த உயரமான அக்காவை பெடாஸில் பார்த்தேன். வெள்ளை உடுத்தியிருந்தார். கூடப் போன ஆள் வந்து சேதி சொன்னாராம். நாங்கள் விற்ற சொல் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரே பேசினார். "உங்க நாத்தனா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா அக்கா. ஒரு பையன்."

"உங்க சவுக்காரம் இருக்கே, ரொம்ப மட்டம்டி. வேட்டியில ஓட்டை விழுந்துருச்சு."

"ஆமாக்கா."

"தெரிஞ்சுதான் வாங்குனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளை வந்து சொல்லும்ல, அதுக்குத்தான் வாங்குனேன்." கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "அந்த ரெண்டு வருசமும் அந்தச் சொல்லாலதான் ஓடுச்சு. அதுகிட்ட சொல்லு."

போய்விட்டார்.

நான் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். பிறகு, "மட்டமா? நுரை வந்துச்சே அண்ணி" என்றாள்.

என் வீட்டுக்காரர் மழைக்காலத்தில் வந்தார். இடுப்பில் சாக்கு. காலில் புண். வாசலில் நின்றவரை நான் முதலில் பிச்சைக்காரர் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தார். கொடி காலியாக இருந்தது. அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகுதான் அவர் என்று தெரிந்தது.

"என் வேட்டியை வெளுத்துட்டியா?" என்றார். குரலே இல்லை.

"உங்க தங்கச்சி கட்டியிருக்கு. கலியாணத்துக்கு."

அப்படியே வாசலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. கஞ்சி வைக்க உள்ளே போனேன்.

அவரால் நடக்க முடிந்ததும் முதலில் கோலா சாவாவுக்குத்தான் போனோம். நாத்தனார் வாசலில் கிழங்கு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை ஊருக்கும் சொல் கொடுத்தவள். "வந்துட்டியா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வேட்டியைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

அவர் அங்கேயே சாக்கை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஒருவர் கேட்டார்: "என்னண்ணே, காவடியா?"

"ஆமா" என்றார் இவர்.

கடையில் நல்ல சவுக்காரம் வந்த பிறகு அந்த வேட்டியைப் பல தடவை வெளுத்தேன். மஞ்சள் போகவில்லை. அவர் அதையேதான் கட்டினார்.